கூலிக்கு மாரடித்தவள் கணக்கு

எங்க ஆயாவின் குரலை இதுவரை நான்கு லட்சம் பேருக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். ஆயாவுக்கு அதில் ஒத்த ரூபாய் வந்ததில்லை. இதை வருத்தமாகச் சொல்லத் தொடங்கினால் ஒப்பாரி ஆகிவிடும். நான் கணக்காகச் சொல்ல நினைக்கிறேன்.

2018இல் எங்க அத்தை செத்துப் போனது. ஆயாவுக்கு ஒரே பொம்பளைப் பிள்ளை. பிணத்தைப் போட்டுவிட்டு ஆயா தலைமாட்டில் உட்கார்ந்து விடியற வரைக்கும் பாடியது. கருப்பு வெட்டப் போன இடத்தில் அத்தைக்குப் பாம்பு கடித்தது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வண்டி கிடைக்காமல் ஊர்த்தெருவில் நின்றது, முன்பணம் வாங்கின மேஸ்திரி சாவு வீட்டுக்குள் வராமல் தெருமுனையிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனது, எல்லாம் அந்தப் பாட்டில் வரும். இவை வழிவழியாக வந்த அடிகள் இல்லை. ராகம் பழசு. சொல் அத்தனையும் அன்றைக்கு ராத்திரி ஆயா கட்டினது. சாவுக்கு வந்திருந்த ஒருவர் செல்போனில் பதிவு செய்திருக்கிறார். அது வாட்ஸ்அப்பில் சுற்றி, கிராமியப் பாட்டுப் போடுகிற ஒரு யூடியூப் சேனலுக்குப் போய்ச் சேர்ந்தது. நடத்துகிறவர் பக்கத்து ஊர்க்காரர், சின்ன வயசு. 'கல் நெஞ்சையும் கரைக்கும் கிராமத்து ஒப்பாரி' என்று தலைப்பு வைத்திருந்தார். ஆயா பேரும் இல்லை, அத்தை பேரும் இல்லை. நடுநடுவே விளம்பரம் ஓடியது.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். கவிதைக்கும் காசுக்கும் என்ன உறவு என்பதை வகுப்பில் இரண்டு வருடம் படித்தேன், ஆனால் அந்தப் பேரில் யாரும் சொல்லித் தரவில்லை. 'ஆற்றுப்படை' என்றுதான் சொல்லித் தந்தார்கள். இன்றைக்கு, 'கவிதை எழுதி இணையத்தில் சம்பாதிப்பது எப்படி' என்று வழி சொல்லும் வீடியோக்கள் தமிழிலேயே வந்துவிட்டன. அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை என்ன செய்கிறது? காசு கிடைத்த பாணன் ஒருவன், பட்டினியாக வருகிற இன்னொரு பாணனிடம், இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார், இன்னது கிடைக்கும் என்கிறான். பொருநராற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எல்லாம் அதே வேலைதான். சம்பாதிக்கிற வழி சொல்லும் நூல்கள்.

சிறுபாணாற்றுப்படையில் ஒரு அடுக்களை வரும். குட்டி போட்ட நாய் குரைக்கிற, கூரை இற்று விழுந்த, காளான் பூத்த அடுக்களை. பாணன் பெண்டாட்டி உப்புக்கு வழியில்லாமல் வேளைக்கீரையை வேக வைத்து, அடுத்தவர் பார்த்தால் மானம் போகும் என்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு தின்பாள். அந்த இடத்தை எங்க பேராசிரியர் உருகி உருகி நடத்தினார். பாணர் வறுமையின் சித்திரம், புரவலரின் கொடை என்றார். நான் எழுந்து, "அய்யா, அந்தப் பாணன் பேரு என்ன?" என்று கேட்டேன். நூலாசிரியர் பேர் இருக்கிறது: இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். பரிசு கொடுக்கிறவன் பேர் இருக்கிறது: நல்லியக்கோடன். பசித்தவனுக்கு மட்டும் பேர் இல்லை. பசி பாணனுடையது, பாட்டு புலவருடையது, புகழ் அரசனுடையது. அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. உட்காரச் சொன்னார்.

பரிசில் என்பது கூலி இல்லையாம். அது கொடை. பட்டினப்பாலைக்குப் பதினாறு நூறாயிரம் பொன் பெற்றார் உருத்திரங்கண்ணனார் என்று கலிங்கத்துப்பரணி பெருமையாகச் சொல்லும். நேரில் பார்க்காமல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை, நான் வியாபாரப் பரிசிலன் இல்லை என்று சொல்லிப் பெருஞ்சித்திரனார் மறுத்த கதை புறநானூற்றில் இருக்கிறது. சரி, மறுக்கிற உரிமை அவருக்கு இருந்தது. மாங்குடி கிழார் பாட்டில் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று வரிசை வைத்து, இந்த நான்கைத் தவிரக் குடி இல்லை என்று சொல்லப்பட்ட நாலு பேருக்கும் பின்னால் என்ன ஆச்சு? பாட்டும் பறையும் சாவுக்கு என்று ஒதுக்கப்பட்டது. பொன் போய் நெல் வந்தது. அதுவும் கொல்லை வாசலில்.

நம்ம மொழியில் ஒரு வழக்கு உண்டு: கூலிக்கு மாரடிக்கிறது. மனசில்லாமல் வேலை செய்கிறவனைத் திட்டுகிற சொல். கவனித்துப் பாருங்கள் தோழர்களே, பொன் வாங்கிக்கொண்டு அரசனைப் பாடியவரை யாரும் 'கூலிக்குப் புகழ்ந்தவர்' என்று சொன்னதில்லை. செத்தவன் வீட்டுப் பெண்களுக்கே அழ வராதபோது, அவர்களுக்கும் சேர்த்து அழுது, செத்தவனின் ஊரும் பேரும் உறவும் வைத்து அந்த நேரத்தில் பாட்டுக் கட்டின எங்க பெண்களின் உழைப்புதான் பழமொழியில் போலி உழைப்பாகியிருக்கிறது. எங்க ஆயா ஊர்த்தெருச் சாவுக்குப் போகும். ஒரு மரக்கால் நெல், பழைய புடவை. பிறகு ஐம்பது ரூபாய். அந்த ஐம்பதை மடியில் முடிந்துகொண்டு வரும்போது ஆயா முகத்தில் இருந்தது வெட்கம் இல்லை. வேலை முடித்து வருகிறவர் முகம் அது.

அதை நிறுத்தியது நான்தான். இதைச் சொல்லாமல் ஆயாவின் கணக்கை எழுத முடியாது. 2007இல் நான் பி.ஏ. முதல் வருஷம். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று எங்க பையன்கள் முடிவெடுத்திருந்தார்கள். அதற்காக அடி வாங்கினோம், கடையில் சாமான் கொடுக்க மறுத்தார்கள். பறை நின்றது. ஆயாவும் போகக் கூடாது என்று நான் வாசலை மறித்து நின்றேன். "மானங்கெட்ட ஐம்பது ரூவா நமக்கு வேணாம் ஆயா" என்றேன். ஆயா ஒன்றும் பேசாமல் முந்தானையை உதறிவிட்டு உள்ளே போனது. அந்த முடிவு தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். இழிவாக்கப்பட்ட வேலையை மறுப்பது விடுதலையின் முதல் படி. ஆனால் மறுத்ததோடு நின்றோம். அந்தப் பாட்டு யாருடையது என்று எழுதி வைக்கவில்லை. வீட்டுக்குள் வந்து சேர்ந்த அந்தச் சொத்தை நாங்கள் பதிவு செய்யவில்லை. யாரோ செல்போனில் பதிவு செய்துகொண்டார்கள்.

*

அச்சு வந்தபோதும் இதுதான் நடந்தது. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் அச்சான சில்லறைப் பாட்டுப் புத்தகங்களைப் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று எழுதியிருக்கிறார். கொலைச் சிந்து, ரயில் கவிழ்ந்த சிந்து, வெள்ளச் சிந்து. சந்தையிலும் ரயிலிலும் பாடியே விற்றார்கள். அணாவிலும் காலணாவிலும் விலை. எழுதினவரே பாடி, எழுதினவரே விற்று, அன்றன்றைக்குக் காசு பார்த்த தொழில் அது. இன்றைக்குச் செல்போன் முன்னால் நின்று கவிதை சொல்லிக் காசு பார்க்க நினைக்கிற பிள்ளைகளின் முப்பாட்டன்மார் கம்பராமாயணப் பிரசங்கிகள் இல்லை, இவர்கள்தான். ஒப்பாரிப் புத்தகங்களும் அந்தக் கடைத்தெருவில் அச்சாகின. நான் பார்த்த பிரதிகளில் அட்டையில் பதிப்பித்தவர் பெயர் இருக்கிறது, அச்சகத்தின் பெயர் இருக்கிறது. பாடின பெண் இல்லை.

அதே காலத்தில் நம்மவர்கள் அச்சை வேறு மாதிரியும் கையாண்டார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' நடத்தினார். 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய வார இதழின் பேரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பேராக வைத்த பத்திரிகை. அவர்கள் அச்சு எந்திரத்தின் முன்னால் வாயைப் பிளந்து நிற்கவில்லை. எழுத்து, விலை, உரிமை மூன்றும் தன் கையில் இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. இந்த முன்னோடிகளை நாம் கருத்துக்காகப் படிக்கிறோம், கணக்குக்காகவும் படிக்க வேண்டும்.

பாரதியும் கணக்குப் போட்டவர்தான். 1920இல் தன் எழுத்தை எல்லாம் 40 புத்தகமாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி போடத் திட்டமிட்டு, தீப்பெட்டி மண்ணெண்ணெய் மாதிரி வீட்டுக்கு வீடு விற்கும் என்று நம்பினார். மறு வருஷம் செத்துப் போனார். பிறகு உரிமை கைமாறி, பாட்டை சினிமாவில் பாடுவதற்கே ஒரு கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலை வந்து, சண்டை வந்து, 1949இல் அரசு எடுத்துக்கொண்டு பிற்பாடு பொதுவாக்கியது. பாரதி பாட்டு யாருடையது என்று ஒரு மாகாணமே கூடிக் கேட்டது. சேரியில் கட்டின பாட்டு யாருடையது என்று கேட்க ஆள் இல்லை. அது 'நாட்டுப்புறப் பாட்டு', ஆகவே எல்லாருக்கும் சொந்தம். எங்க கிணற்றிலிருந்து எல்லாரும் எடுக்கலாம், எல்லாருடைய கிணற்றிலிருந்தும் நாங்கள் எடுக்க முடியாது. அந்த மாதிரிப் பொது.

சட்டம் என்ன சொல்கிறது? 1957 பதிப்புரிமைச் சட்டம் பாட்டு எழுதினவனை ஆசிரியன் என்கிறது. பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. ஆனால் 1977இல் உச்ச நீதிமன்றம், காசு கொடுத்து எழுத வைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது படத் தயாரிப்பாளர்தான் முதல் உரிமையாளர் என்று தீர்ப்புச் சொன்னது. பாடுகிறவனுக்குச் சட்டத்தில் இடமே இல்லையே என்று கிருஷ்ணய்யர் அதே தீர்ப்பில் தனியாக வருத்தப்பட்டு எழுதினார். 1994இல் திருத்தம் வந்து நிகழ்த்துகிறவருக்கும் உரிமை வந்தது. யார் நிகழ்த்துகிறவர்? நடிகர், பாடகர், ஆட்டக்காரர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி என்று சட்டம் பட்டியல் போடுகிறது. பாம்பாட்டியை ஞாபகம் வைத்த சட்டம் ஒப்பாரிப் பெண்ணை மறந்தாலும், 'பாடகர்' என்ற சொல்லுக்குள் ஆயா உட்கார்ந்துகொள்ளலாம். 2012 திருத்தம் இன்னும் முக்கியம். ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் மல்லுக்கட்டிக் கொண்டு வந்தது. எழுதிக் கொடுத்தாலும், வித்துவிட்டாலும், படத்தைத் தியேட்டரில் காட்டுவது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளில் பாடலாசிரியனுக்குச் சமபங்கு உண்டு, அந்தப் பங்கை அவனால் விட்டுக்கொடுக்கவே முடியாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அந்தப் பங்கு யாருக்கு வரும்? பதிவேட்டில் பேர் இருப்பவருக்கு.

*

இப்போது 'எஞ்சாயி எஞ்சாமி'க்கு வருகிறேன். 2021 மார்ச் 7இல் யூடியூபில் வெளியானது. அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடியது. இசை சந்தோஷ் நாராயணன், வெளியிட்டது மாஜா என்ற நிறுவனம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்த தன் பாட்டியின் வாழ்க்கையைத்தான் அறிவு பாட்டாக்கினார். 1964 சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று மூட்டை கட்டிப் பிரித்தார்களே, அந்தச் சனங்களின் வரலாறு. உழைத்து ஆளாக்கின நிலத்தில் உரிமை இல்லாமல் வெளியே வந்தவர்களின் பாட்டு. பார்வைகள் 40 கோடியைத் தாண்டின.

அந்த வருஷம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், இன்னொரு பாடகர் இருந்தார். அறிவு இல்லை. பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கண்டித்த பிறகு அறிவுக்கும் ஒரு அட்டை போட்டார்கள். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு மேடையேறியது, அறிவு மேடையில் இல்லை. நானே மெட்டுக் கட்டினேன், எழுதினேன், பாடினேன் என்று அவர் வெளிப்படையாக எழுத வேண்டி வந்தது. மற்ற இருவரும் அவருக்குரிய இடம் கொடுத்தோம் என்றார்கள், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் விளக்கினார். 2024 மார்ச்சில் அவரே, இதுவரை எங்கள் மூவருக்கும் ஒரு ரூபாய் கூட வரவில்லை என்று அறிவித்தார். நிறுவனம் தன் தரப்பில் அதை மறுத்தது.

யார் சொல்வது சரி என்று தீர்ப்பு எழுத நான் உட்காரவில்லை. எனக்கு வேறு ஒன்று உறைக்கிறது. மூன்று வருஷம், 40 கோடிப் பார்வை, உலகமே கேட்ட பாட்டு. காசு வந்ததா இல்லையா என்பதே சர்ச்சை! பண்ணையார் களத்து மேட்டில் மரக்காலைச் சாய்த்துப் பிடித்தாலும் கண்ணால் பார்க்கலாம். இந்தக் களத்து மேட்டில் மரக்காலே கண்ணுக்குத் தெரிவதில்லை. அறிவுக்கு வாய் இருக்கிறது, பின்னால் இயக்கம் இருக்கிறது. அவருக்கே இது என்றால் மற்றவர் கதி?

நானும் இணையத்தில் கவிதை விற்றவன்தான். கிண்டிலில் தமிழ் 2016 கடைசியில் வந்தது. பதிப்பாளர் வாசலில் நிற்க வேண்டியதில்லை, என் தொகுப்புக்கு முன்பணம் நானே கட்ட வேண்டியதில்லை என்று ரொம்பச் சந்தோஷப்பட்டேன். (சிறுபத்திரிகையில் பத்து வருஷம் எழுதினேன், சன்மானமாக இதழ் ஒன்று வரும். சில சமயம் அதுவும் வராது.) 49 ரூபாய் விலை வைத்தேன். மூன்று மாதத்தில் பதினொரு பிரதி. 35 சதவீதம் எனக்கு. மாதம் முடிந்து அறுபது நாள் கழித்து வங்கிக்கு வரும். மொத்தம் இருநூறு ரூபாய்க்கும் கீழே. 70 சதவீதம் வேண்டும் என்றால், 90 நாள் வேறு எங்கும் மின்னூலாக விடமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். அதில் இன்னொரு வழியும் திறந்தது. சந்தா கட்டி வாசிக்கிறவர்கள் எத்தனை பக்கம் புரட்டினார்கள் என்று எண்ணிக் காசு. அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. நானூறு பக்க நாவலுக்கு நானூறு பக்கத்துக் காசு. நாற்பது பக்கக் கவிதையை ஒருவர் நாலு தடவை அழுதுகொண்டே படித்தாலும் முதல் தடவைக்குத்தான் காசு. தொடர்கதைத் தளங்களிலும் பெரும்பாலும் அதுதான், நீளமாக இழுத்தால் கூலி. கவிதை சுருக்கமானது என்பது அழகியல், இங்கே அதுவே கூலிக் குறைப்பு.

உடனே ரூபி கவுரைச் சொல்வார்கள். கனடாவில் வளர்ந்த பஞ்சாபிப் பெண். இன்ஸ்டாகிராமில் எழுதி, 2014இல் தானே புத்தகம் போட்டு, மறு வருஷம் ஒரு பதிப்பகம் எடுத்து, பல லட்சம் பிரதி விற்றது. உண்மை. ஆனால் பெருங்காசு வந்தது அச்சுப் புத்தகத்திலிருந்து. இன்ஸ்டாகிராம் கொடுத்தது கூட்டத்தை. கூட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரிமையையும் கையில் வைத்திருந்ததால் அவருக்குக் காசு வந்தது. இங்கிலீஷில் எழுதினதால் சந்தையும் பெரிசு. நம்ம பிள்ளைகளுக்கு வழி சொல்கிறவர்கள் கூட்டம் சேர்க்கும் வித்தையை மட்டும் சொல்லிவிட்டு உரிமையை விட்டுவிடுகிறார்கள். பழைய ஆற்றுப்படையிலும் அது இல்லைதான்.

*

யூடியூபில் ஒரு சேனல் விளம்பரக் காசு பார்க்க 1,000 சந்தாதாரர் வேண்டும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். குறும்படத் துணுக்குகள் என்றால் வேறு கணக்கு. சாதாரண வீடியோ விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனலுக்கு. 100 டாலர் சேர்ந்தால்தான் கைக்கு வரும். ஆயாவின் குரலை வைத்திருந்த சேனல் இதை எல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. எங்க பையன்கள் ஆயாவுக்காகத் தொடங்கின சேனலில் சந்தாதாரர் 340.

அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார். "அண்ணே, அது நாட்டுப்புறப் பாட்டுதானண்ணே, யாருக்கும் சொந்தம் இல்லையே" என்றார். "பாம்பு கடிச்சது எங்க அத்தையத் தம்பி, நாட்டுப்புறத்த இல்ல" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. நீக்கச் சொல்லி யூடியூபுக்கே எழுத வழி இருக்கிறது. உரிமையாளர் யார், நீங்கள் அவருக்கு என்ன ஆகணும் என்று படிவம் கேட்கும். எழுதி வைத்துவிட்டு ஆயாவிடம் வந்தேன். 2007இல் வாசலை மறித்த மாதிரி இந்தத் தடவையும் நானே முடிவெடுத்துவிடக் கூடாது.

செல்போனை ஆயா கையில் கொடுத்து முழுசாகக் கேட்க வைத்தேன். விளம்பரம் வந்தபோது, "இவ யாருடா நடுவுல?" என்றது. பிறகு பேசாமல் கேட்டது.

"எடுக்கச் சொல்லாத கண்ணு. உங்க அத்தைய அதுல வெச்சிருக்கறேன். நாலு பேரு கேக்கட்டும். எம் பேரயும் அவ பேரயும் போடச் சொல்லு. காசையும் கேளு."

"காசு வேணாம்னு நான்தான ஆயா அன்னைக்கு..."

"அன்னைக்கு அவங்க பொணத்துக்கு. இது எம் பொணம்டா."

அதன் பிறகு ஆயா ஒரு கணக்குப் போட்டது. "ஒரு சாவுக்கு அம்பது ரூவா. ஒரு சாவுக்கு அம்பது அறுவது பேரு கேப்பாங்க. நாலு லட்சம் பேருன்னா எத்தன சாவு?" நான் செல்போனில் வகுத்துச் சொன்னேன். அறுபது பேர் என்று வைத்தால் ஆறாயிரத்து அறுநூற்றி அறுபத்தாறு சாவு. ஆயா அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தது.

இரண்டு வாரத்தில் பெயர்கள் சேர்க்கப்பட்டன, அத்தை பேரில் ஒரு எழுத்துப் பிழையோடு. காசுக்கு 'அடுத்த மாசம்ணே' என்றார், மூன்று மாதம் ஆகிவிட்டது. ஒரு வழக்கறிஞர் தோழரை வைத்து, 1994 திருத்தத்தையும் காட்டி, பாதிப் பங்கும் வருமானக் கணக்கும் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறோம். அனுப்புநர் இடத்தில் ஆயா பேர், கீழே கைநாட்டு. தொழில் என்ற இடத்தில் தோழர் 'விவசாயக் கூலி' என்று எழுதியிருந்தார். ஆயா சொல்லி அதை அடித்துவிட்டு 'பாட்டு' என்று எழுதினோம். ஒப்புகை அட்டை இன்னும் திரும்பவில்லை.